அசையாத நெற்றியும் கணக்கு எழுத வந்தவரும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும், குறிப்பாக அவர்களுடைய முழங்காலும், சௌக்கியமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் தங்கள் மருமகளும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆகவே எழுதிவிட்டேன். கடிதத்தைப் படித்துவிட்டு சம்பந்தியம்மாவிடம் பாதியை மட்டும் சொன்னால் போதும். எந்தப் பாதி என்று உங்களுக்கே தெரியும்.

விஷயம் என்னவென்றால், என் மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். அவளோ காலையிலிருந்து தன் சரும கிளினிக்கில் ஊரார் முகத்தையெல்லாம் பளபளப்பாக்கிவிட்டு, கடைசி ஆள் போன பிறகு வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு பில்களோடு மல்லுக்கட்டுகிறாள். ஏற்கெனவே கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண், "உங்கப்பா தினமும் என் கைப்பையைத் திறந்து பாக்கறாரு மேடம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். நான் விமான நிலையத்தில் சுங்கச் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மூடிய பையைக் கண்டால் கை தானாகப் போகிறது, அதற்கு நான் என்ன செய்வது? மகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, அந்தப் பொண்ணு போனது உங்களால. புது ஆளை நீங்களே பாத்துக் குடுங்க. இல்லன்னா பிரசவத்துக்குப் போறப்ப கிளினிக்கை இழுத்துப் பூட்டிட்டுப் போயிடுவேன்." கடன் வாங்கி, ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட கிளினிக். பூட்டினால் மறுபடி திறக்கிற தெம்பு அவளுக்கு இருக்காது என்று எனக்குப் பயம்.

ஆள் எடுப்பதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. படிப்பு, சான்றிதழ் எதையும் பார்க்க மாட்டேன். முகத்தைப் பார்ப்பேன். பெட்டியில் கள்ளச் சரக்கு வைத்திருப்பவனுக்கு மேலுதட்டில் வியர்க்கும், புருவம் ஒரு துள்ளு துள்ளும். அந்தப் புருவத்தை நம்பித்தான் நான் உத்தியோகமே பார்த்தேன். முதலில் வந்த அம்மாள் இத்தனை காலமும் ஒரே இடத்தில் வேலை செய்தவராம். அப்படி விடாமல் ஒட்டிக்கொண்டிருக்க அங்கே என்ன கிடைத்தது என்று கேட்டேன், எழுந்து போய்விட்டார். அடுத்து வந்தவர் பல இடங்களில் வேலை பார்த்தவர். ஏன் எல்லா இடத்திலும் துரத்தினார்கள் என்று கேட்டேன், அவரும் போய்விட்டார். மடியில் கனமில்லாதவர்கள் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க மாட்டார்களா, நீங்களே சொல்லுங்கள்.

இந்த நேரத்தில்தான் "நம்பகமான ஆள் ஒருவர் பத்து மணிக்கு வருவார்" என்று தாங்கள் செய்தி அனுப்பினீர்கள். நேற்று வரவேற்பில் இருக்கும் பெண் விடுப்பு. நானே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். நல்ல சட்டை போட்ட ஒருவர் உள்ளே வந்து, "பத்து மணிக்கு வரச் சொன்னாங்க" என்றார். நான் அவரை அப்படியே பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். இதற்கு முன்னால் எங்கே என்றேன். "வேற ஒரு இடம் சார். அங்க விட்டுட்டேன்." ஏன்? "ரொம்பக் கேள்வி கேட்டாங்க சார்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதையாவது மறைக்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன். "மறைக்கத்தானே சார் வந்திருக்கேன். வீட்டுக்குக்கூடத் தெரியக் கூடாது" என்கிறார், சம்பந்தி. அதைச் சொல்லும்போது மனிதருக்கு நெற்றியில் ஒரு கோடு விழவில்லை. புருவம் செத்த பாம்பு மாதிரி கிடக்கிறது. திருடியிருக்கிறீர்களா என்றேன், அசையவில்லை. போலீஸைக் கூப்பிடட்டுமா என்றேன், வாய் மட்டும் "ஏன் சார்?" என்றது, நெற்றி சும்மாவே இருந்தது. என் உத்தியோகத்தில் இப்படி ஒரு கல்லுளிமங்கனைப் பார்த்ததில்லை. அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்று வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

பிறகு மகள் சொல்லித்தான் தெரிந்தது, அவர் வீட்டுத் தரகராம். நெற்றியை அசையவிடாமல் செய்து சுருக்கத்தை மறைக்கிற ஊசியை என் மகளிடம் போட்டுக்கொண்டு, அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று காட்ட வந்தவராம். ஊசி பிரமாதமாகப் பிடித்திருக்கிறது. அதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அவர் மகளுக்குப் போன் போட்டு, "இனிமே உங்க கிளினிக் பக்கமே வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் தாங்கள் அனுப்பிய ஆள் எங்கே? அவரும் சரியாகப் பத்து மணிக்குத்தான் வந்திருக்கிறார். மேசையில் யாரும் இல்லை. நர்ஸ் எட்டிப் பார்த்து, "பத்து மணி அப்பாயின்ட்மென்ட்டா? வாங்க" என்று கூட்டிப் போய்ப் படுக்க வைத்து, மேல்தோலை உரிக்கிற பூச்சை முகம் பூராவும் தடவிவிட்டாள். நான் தேடிப் போனபோது பழுத்த தக்காளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் நான் எதைப் படிப்பது? "ஏன்யா, வேண்டாம்னு சொல்ல வாய் இல்லையா?" என்று கேட்டேன். மனிதர் நிதானமாகச் சொன்னார்: "மொதல்ல இன்டர்வியூவுக்கு முகம் கழுவி விடறாங்கன்னு நினைச்சேன் சார். அப்புறம்தான் புரிஞ்சுது. சரி, எப்பதான் பேர் கேட்டு பில் போடறாங்கன்னு பாப்போம்னு படுத்திருந்தேன். கடைசி வரைக்கும் யாரும் கேட்கலையே. இங்க எல்லாருக்கும் இப்படி பில் இல்லாமத்தான் போகுதா?"

சம்பந்தி, இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. வேலை கேட்டு வந்தவர் வேவு பார்க்கிறாரே என்று பட்டது. அதோடு, மன்னிக்கவும், மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: மருமகள் எவ்வளவு சம்பாதிக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் தாங்கள் ஆள் அனுப்பினீர்களோ என்றும் தோன்றியது. தங்களைச் சந்தேகப்படவில்லை. தோன்றியதைத்தான் சொல்கிறேன். ஆகவே தாங்கள் அனுப்பியவர் வேண்டாம், வேறு யாரும் வேண்டாம், கணக்கை நானே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். பெற்ற அப்பனைவிட நம்பகமான ஆள் அவளுக்கு எங்கே கிடைப்பான்? இன்று அவளிடம் சொல்லிவிடுவேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளை கப்பலிலிருந்து பேசினால் என் ஆசிகளைச் சொல்லவும். கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: தபாலில் போடப் போகிற வழியில், மகளிடம் சொல்லிவிட்டே போகலாம் என்று கிளினிக்குக்குள் நுழைந்தேன். தாங்கள் அனுப்பியவர் கணக்கு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். மகள் நேற்றே வேலைக்கு எடுத்துவிட்டாளாம். அவர் முகத்தில் தோல் உரிந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் விடுப்பு எடுக்கவில்லை. நான் வழக்கம் போல மேசை இழுப்பறையைத் திறந்தேன். அவர் அதை மெதுவாகத் தள்ளி மூடிவிட்டு, "மேடம், இவர் யாரு?" என்று கேட்டார். "எங்கப்பா. நேத்து பாத்தீங்களே" என்றாள் மகள். "அது தெரியும் மேடம். இங்க அவருக்கு என்ன வேலை?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று, சம்பந்தி. எனக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் கண் கலங்கிவிட்டது. என்னையே சந்தேகப்படுகிற ஒருவரிடம் என் பெண்ணின் கிளினிக்கை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். தங்கமான ஆளை அனுப்பியிருக்கிறீர்கள். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடவும்.

கிளினிக்கில் இனி எனக்கு வேலை இல்லை. குழந்தை பிறந்ததும் அதைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த வேலையைத் தருகிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன், எதையோ மறைக்கிறாள். உண்மையைச் சொல்லுங்கள் சம்பந்தி, அந்த வேலைக்கு நீங்களும் மனுப் போட்டிருக்கிறீர்களா?