ஷெட்டுக்குள் உயர்ந்த வண்டி

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அம்மா நலம், உங்கள் மாப்பிள்ளை நலம், நான் நலம். அண்ணியும் நீங்களும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த நலப் பட்டியலில் உங்கள் பிக்கப் வண்டி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அதுவும் நலம்தான். இருக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கிறது. இருக்கிற இடத்தைவிட்டு அது வர மறுக்கிறது என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

இவ்வளவு எழுதியதும் அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, கூடப் பொறந்தவனுக்குப் போய் நீங்க வாங்கன்னு எழுதுறே? முதல் வரியிலேயே தெரிஞ்சுடும் அவனுக்கு, நீ எதையோ ஒடச்சு வச்சிருக்கேன்னு" என்றாள். சரிதான். இனி நீ என்றே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பொய் தானாக வந்துவிடுகிறது. தாளில் கொஞ்சம் யோசித்துத்தான் வருகிறது.

போன வருஷம் வேலைக்காக வெளியூர் போகும்போது சாவியை என் கையில் வைத்து என்ன சொன்னாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. "ஆயில் மட்டும் மாத்து. வேற எதையும் தொடாத. உன்கிட்ட குடுத்தா குடுத்த மாதிரியே இருக்கும்னுதான் தர்றேன்" என்றாய். நானும் பத்து மாதம் எதையும் தொடவில்லை. நாற்றுப் பண்ணையிலிருந்து செடிகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வந்து துடைத்து, ஷெட்டில் விட்டேன். பிறகுதான் தண்ணீர்க் குழாய் போடுகிறவர்கள் வந்தார்கள். நம் தெருமுனையைத் தோண்டினார்கள், மூடினார்கள், மூடிய இடத்தில் மிச்சமிருந்த சிமெண்டையெல்லாம் கொட்டி ஒட்டகத் திமில் மாதிரி ஒன்றைச் செய்துவிட்டுப் போனார்கள். அதன்மேல் ஏறும்போதெல்லாம் வண்டியின் அடிவயிறு கரகரவென்று உரசும். பின்னால் தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும். எனக்கு அந்தச் சத்தம் உன் தொண்டையிலிருந்து வருவது மாதிரியே கேட்கும். வண்டியைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும் என்று அப்படித்தான் தோன்றியது.

இது பாதி உண்மை. மீதிப் பாதியையும் எழுதுகிறேன். உரம் வாங்கப் போகும் கிடங்கில் எல்லாருடைய வண்டியும் உயரமாக நிற்கும். அங்கே மூட்டை தூக்குகிறவர் ஒருநாள், "தவளை வந்துடுச்சு, வழி விடுங்கப்பா" என்றார். வண்டியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று வீடு வரும்வரை யோசித்தேன். நாற்பத்தைந்து வயதில் ஒருத்திக்கு இதெல்லாம் உறைக்கக் கூடாது. உறைத்தது.

உடனே கடைக்கு ஓடிவிடவில்லை. நான் இயற்பியல் படித்தவள், முதல் வகுப்பு. ஒரு நோட்டுப் போட்டேன். திமிலின் உயரம், வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, தொட்டியின் உயரம், அம்மா ஏறுவதற்குப் படியின் உயரம், அம்மாவின் முழங்கால் மடங்கும் உயரம் எல்லாவற்றையும் அளந்து கட்டம் கட்டி எழுதினேன். கடைக்காரர் மூன்று விதம் காட்டினார். முதலாவது, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாமே புதிதாக மாற்றுவது. அதன் விலைக்கு நம் வீட்டையே உயர்த்திவிடலாம். இரண்டாவது, பழைய ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே மேலேயும் கீழேயும் இரும்புக் கட்டை கொடுப்பது. மூன்றாவதும் அதேதான், ஆனால் கட்டை இரும்பு இல்லை, கறுப்பாக, வழவழவென்று, ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஏதோ ஒன்று. "இது என்ன சாமான்?" என்று கேட்டேன். "புது டெக்னாலஜிம்மா. உங்களுக்கு அப்புறமும் நிக்கும்" என்றார். விலை பாதிக்கும் பாதி. மனிதர்கள் ஒரு பொருளை ஏன் வாங்குகிறார்கள் என்று யாராவது என்னைக் கேட்டால் நிறையச் சொல்வேன். அன்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவதை வாங்கிவிட்டேன்.

மாட்டுவதற்கு வந்த மெக்கானிக்கை இந்தப் பக்கம் அரை இஞ்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கோளாறைக் காட்டினாலும் "ஒண்ணுமில்ல, அரை இஞ்ச் வித்தியாசம்" என்பார். பட்டறை வாடகை மிச்சமாகட்டும் என்று வீட்டுக்கே வரச் சொன்னேன். அன்று மழை. "ஷெட்டுக்குள்ளயே முடிச்சுடலாங்க்கா, சிமெண்டுத் தரை, ஜாக்கி நல்லா நிக்கும்" என்றார். நானும் டீ போட்டுக் கொடுத்து, விளக்குப் பிடித்து, கழற்றிய பழைய போல்ட்டுகளை எண்ணி ஒரு டப்பாவில் போட்டேன். முன்பக்கம் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வட்டம், பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கட்டை. சாயங்காலம் வண்டி மூன்று அங்குலம் உயர்ந்து நின்றது. என்ன கம்பீரம் அண்ணா! சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஷெட்டையே கூட்டிப் பெருக்கி, பழைய போல்ட் டப்பாவைத் தெருவோடு போன பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன். எனக்குத்தான் எதுவும் அடைசலாகக் கிடக்கக் கூடாதே.

நீ அந்த ஷெட்டுக்குள் வண்டியை விடும்போதெல்லாம் ஷட்டருக்குக் கீழே வந்ததும் தலையைக் குனிவாய், ஞாபகமிருக்கிறதா? வண்டிக்கூரைக்கும் ஷட்டருக்கும் ஒரே ஒரு அங்குலம்தான் இடைவெளி. உள்ளே உட்கார்ந்திருப்பவன் எதற்குக் குனிகிறான் என்று நாங்கள் சிரிப்போம். மறுநாள் காலை நான் குனியவில்லை. உன் மாப்பிள்ளை வெளியே நின்று "வா, வா, வா" என்று கையாட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று "ஐயோ" என்றார். அடிவயிறு உயர்ந்தால் கூரையும் சேர்ந்து உயரும் என்பது என் நோட்டில் எந்தக் கட்டத்திலும் இல்லை. முதல் வகுப்பு, அண்ணா. நான் வயிற்றை மட்டும் உயர்த்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரை இஞ்ச்சுக்குப் போன் போட்டேன். வந்து பார்த்து, "வெளிய வர ரெண்டு இஞ்ச் குறையுது" என்றார். அவர் வாயால் அரைக்கு மேல் ஒரு அளவு கேட்டது அன்றுதான். "பழைய போல்ட்டக் குடுங்க, ஒரு மணி நேரத்துல கழட்டி மாத்திடறேன்." நான் அவரைப் பார்த்தேன். அவர் டப்பா இருந்த காலி அலமாரியைப் பார்த்தார். "அந்த அளவுல போல்ட் தேடணும்க்கா. உங்க வண்டி மாடல் பழசு. நான் வேற நாளைக்குத் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவரின் போன் பிறகு அணைந்தே இருந்தது.

நான்கு டயரிலும் காற்றை இறக்கினோம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சர்வேயர் இருக்கிறார் அல்லவா, அவர் டேப்போடு வந்து ஷட்டருக்குக் கீழே உட்கார்ந்து, "இன்னும் முக்கால் இஞ்ச்" என்று அறிவித்தார். எடை ஏற்றலாம் என்று பன்னிரண்டு மூட்டை மண்ணைப் பின்னால் ஏற்றினோம். பின்னால் ஏற்ற ஏற்ற வண்டி மூக்கைத் தூக்கியது. "முன்பக்கத்துக்கு வெயிட்டு வேணும்" என்றார் சர்வேயர். எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம்.

"என்னை எதுக்குடா எல்லாரும் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லத்தே, சும்மா உள்ள உக்காந்தா போதும்" என்றார் உன் மாப்பிள்ளை.

சமையலறை ஸ்டூலைப் போட்டு, இரண்டு பேர் பிடித்து, அம்மாவை ஏற்றினோம். பக்கத்தில் மாப்பிள்ளை. அவர் பக்கத்தில் சர்வேயர், டேப்பை மடியில் வைத்துக்கொண்டு. பின்னால் ஏற்றியதிலிருந்தே எடுத்துக் காலடியில் இரண்டு மூட்டை, முன்பம்பரில் கட்டித் தொங்கவிட்டு இரண்டு மூட்டை. வண்டியை நானும் தெருவில் வேடிக்கை பார்த்த நான்கு பேருமாகப் பின்னாலிருந்து தள்ளினோம். நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. சர்வேயர் "நிறுத்து!" என்று கத்தினார். ஒரு நூல் குறைந்தது அண்ணா. ஒரே ஒரு நூல். உன் கூரையில் கீறல் விழாமல் காப்பாற்றியது அந்த மனிதரின் தொண்டைதான்.

ஆண்கள் இருவரும் இறங்கிவிட்டார்கள். அம்மா இறங்க மாட்டேன் என்றாள். "ஏறினதுக்கே பாதி உசுரு போச்சு. இறங்கி மீதியையும் விடணுமா? இங்க நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி மாலை நாலு மணி வரைக்கும் ரேடியோ கேட்டுக்கொண்டு, இரண்டு தரம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு, ஷெட்டைக் கடந்து போகிறவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். மூட்டைகளை இறக்க யாருக்கும் முதுகு மிச்சமில்லை. அவை இன்னும் அப்படியே கிடக்கின்றன. ஷட்டருக்கு மேலே சுவரில் இருக்கும் லிண்டலை உடைக்கலாம் என்கிறார் உன் மாப்பிள்ளை. தரையைத் தோண்டலாம் என்கிறார் சர்வேயர். இரண்டும் நீ உன் கையால் போட்டவை.

இதில் எனக்கு உண்மையாகவே வெட்கமான இடம் வேறு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாய். "ரொம்பப் பத்திரமா இருக்குண்ணா. ஷெட்டை விட்டு வெளியவே எடுக்கறதில்ல" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நீ அண்ணியிடம் திரும்பி, "பாத்தியா, என் தங்கச்சிகிட்ட ஒரு பொருளைக் குடுத்தா அப்படித்தான்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய் அந்தப் பஞ்சரானது போல் உட்கார்ந்திருந்த வண்டியின் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

நீ கத்தினால் தாங்கிக்கொள்வேன். நீ கத்த மாட்டாய், அதுதான் பயம். சின்ன வயதில் சித்தப்பா உன் புதுச் சைக்கிளை எங்கேயோ மோதி வளைத்தபோது நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோணிப்போன முன்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு இந்த முப்பது வருஷத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட அவருக்கு இரவல் தந்ததில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்ற வண்டி கேட்டபோது, சிரித்துக்கொண்டே, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாய். அந்த வரிசையில் சித்தப்பாவுக்குப் பின்னால் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. இருபத்தெட்டாம் தேதி நீ வந்து ஷட்டரைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உடைக்க வேண்டியது சுவரா தரையா என்று நீயே சொல். செலவும் திட்டும் என்னுடையவை.

அண்ணிக்கு என் அன்பு. அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். உனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லியும் எழுதச் சொன்னாள். அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இங்கே எழுதியிருக்கிறேன்.

தலை குனிந்தபடி,
உன் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் ஒன்பது நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். இன்று காலை உன் மாப்பிள்ளை சும்மா பார்க்கலாமே என்று டயர்களில் காற்றடித்தார். காற்றடித்த பிறகும் வண்டி உயரவில்லை. தள்ளினோம். ஷட்டருக்குக் கீழே ஒரு அங்குலம் இடைவெளி விட்டு அழகாக வெளியே வந்து நின்றது. எனக்கு அப்புறமும் நிற்கும் என்று கடைக்காரர் சொன்ன அந்தக் கறுப்புக் கட்டைகள், பன்னிரண்டு மூட்டையின் கீழே இத்தனை நாள் கிடந்து, தண்ணீரில் ஊறிய சோப்பு மாதிரி தட்டையாகிப் பிதுங்கிவிட்டன. இரும்பு வாங்கியிருந்தால் இன்றைக்குச் சுவர் போயிருக்கும். அரை இஞ்ச் கல்யாணம் முடிந்து, எங்கேயோ தேடிப் பிடித்த போல்ட்டுகளோடு வந்து, பிதுங்கியதைச் சுரண்டி எடுத்து, பழையபடி மாட்டிக் கொடுத்துவிட்டார். சர்வேயர் அளந்தார். நீ விட்டுப்போன அதே உயரம். ஓட்டிப் பார்க்கலாம் என்று தெருமுனைக்குப் போனால், திமிலைக் காணோம். செவ்வாய்க்கிழமை வந்து சமன் செய்துவிட்டுப் போனார்களாம்.

"அப்புறம் என்ன, அந்த லெட்டரக் கிழிச்சுப் போடு. அவனுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றாள் அம்மா. கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்தேன். வண்டியைப் பற்றி எழுதிய ஒவ்வொரு இடத்திலும் அடித்தல் திருத்தல் இருக்கிறது. சித்தப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில் ஒரு அடித்தல்கூட இல்லை. முத்து முத்தாக இருக்கிறது.

அண்ணா, அந்தச் சைக்கிளைத் தண்ணீர்த் தொட்டியில் மோதியது நான். கொண்டுவந்து, அன்று நம் வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பாவின் பையருகே சாத்தி வைத்தேன், அவ்வளவுதான். மீதியை எல்லாரும் அவரவர்களே நினைத்துக்கொண்டார்கள். "நான் தொடவே இல்லடா" என்று அவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

வண்டியை வந்து எடுத்துக்கொள். சாவி வழக்கமான ஆணியில் இருக்கும். சித்தப்பாவுக்கும் இன்றே தனியாக ஒரு கடிதம் எழுதப் போகிறேன். அவருக்கு எப்போதும் நீங்கள் என்றுதான் எழுதுவேன். அதனால் முதல் வரியில் அவருக்குச் சந்தேகம் வராது.