கையெழுத்து மட்டும் போட என்னால் ஆகாது, அண்ணாச்சி

மேல ரத வீதி,
செப்டம்பர் 1996.

மகாராஜஸ்ரீ அண்ணாச்சி திருஞானசம்பந்தம் அவர்களுக்கு, தங்கை அன்னத்தாய் விழுந்து வணங்கி எழுதுவது. இங்கே ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, குழாயில் வரவில்லை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம். அங்கே மதினியின் முழங்கால் வலி தேவலையாகியிருக்கும் என்றும், மெட்ராஸ் வெயில் பிள்ளைகளை ரொம்பப் படுத்தவில்லை என்றும் நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நம் பேரூராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்றும், கட்சியில் என் பேரைப் பேசுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டுத் தாங்கள் சந்தோஷப்பட்டதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்தீர்களே, "நீ பயப்படாதே, மாப்பிள்ளை காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், ஆபீஸ் பக்கம் நீ போகவே வேண்டாம், பாபநாசத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு மனுவைக் கொடு" என்று, அதற்குத்தான் இந்தப் பதில். முழுக்கு அப்புறம் போட்டுக்கொள்கிறேன், பாவம் ஏதும் இன்னும் செய்யவில்லை. கையெழுத்து மட்டும் போட என்னால் ஆகாது.

தங்களுக்கு யார் என்ன சொன்னார்களோ, நடந்ததை நான் சொல்கிறேன். உங்கள் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், எத்தனையோ வருஷமாகக் கட்சியின் உள்ளூர்ச் செயலாளர். தலைவர் நாற்காலி தனக்குத்தான் என்று தன் உரக்கடையில் உட்கார்ந்தபடியே வெள்ளை வேட்டியாக வாங்கி அடுக்கி வைத்திருந்தார். பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்த அன்று சுவரைப் பார்த்துப் படுத்தவர் சாயங்காலம்வரை திரும்பவில்லை. எழுந்ததும், "அன்னம், நாளைக்கு நம்ம வீட்டுல கூட்டம், உப்புமா கிண்டிரு" என்றார். வந்தவர்கள் அரிசி ஆலை சிவசைலம் அண்ணாச்சி, செங்கல் சூளை ஜெபகனி, அப்புறம் யாரை நிறுத்துவது என்று விசாரித்துப் போக மாவட்டத்திலிருந்து அனுப்பிய பார்வையாளர் ஒருவர். முன்னால் பட்டாசாலையில் அவர்கள், அடுப்படியில் நான். நடுவில் இருக்கும் கதவு சரியாகச் சாத்தாது.

ஒரு ஊருக்குத் தலைவியாகிறவளுக்குப் படிப்பு கேட்பார்கள், நாலு பேரிடம் பேசத் தெரியுமா என்பார்கள், தண்ணீர் ஏற்றும் மோட்டார் மாசக்கணக்கில் ஓடாமல் கிடக்கிறதே, அதற்கு என்ன வழி என்பார்கள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் ரவையை வறுத்தேன். தண்ணீர் என்ற வார்த்தை அந்தக் கூட்டத்தில் ஒரே தடவைதான் வந்தது, அதுவும் ஜெபகனிக்கு உப்புமா விக்கியபோது. அவர்கள் தேடிய தகுதி வேறு. சிவசைலம் அண்ணாச்சிதான் ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுல கோமதி இருக்கா. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. அவ பேரை எழுதிக்கிடுங்க."

ஜெபகனி சிரித்துவிட்டார். "பேசினதில்லையா? போன வாரம் உம்ம வீட்டுச் சத்தம் ஆத்துக்கு அங்கிட்டு என் சூளைவரைக்கும் கேட்டுச்சு வே."

"அது டிவி சத்தம்."

"டிவியில உம்ம பேரைச் சொல்லியா வையுதாங்க?"

பிறகு ஜெபகனி தன் மனைவியைப் பற்றி எடுத்துவிட்டார். "எங்க எஸ்தர் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் போவா." உடனே சிவசைலம் அண்ணாச்சி, "கேப்பா, சரி. நீரு வேண்டாம்னா நிப்பாளா?" என்றார். "நான் என்னத்துக்கு வேண்டாம்ங்கேன்?" என்று ஜெபகனி பின்வாங்கினார். இப்படியே ஆள் மாற்றி ஆள், யார் வீட்டுப் பெண்டாட்டி அதிகம் அடங்கினவள் என்று போட்டி. மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே வாயே திறக்கக் கூடாது என்றார்கள். பார்வையாளரும், "ஆமா, அமைதியான ஆளா வேணும், ஜெயிச்ச பொறவு தொந்தரவு இருக்கப்பிடாது" என்று மண்டையை ஆட்டினார்.

அப்போதுதான் உங்கள் மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க வீட்டுக்கு எத்தனை வருஷமா வாரீங்க. அன்னம் பேசி யாராவது கேட்டிருக்கீங்களா?" என்றார். எல்லோரும் யோசித்தார்கள். "கேட்டதில்ல வே," என்றார் சிவசைலம் அண்ணாச்சி. "வாய் பேச வராதோன்னு கூட ஒரு நாள் நினைச்சேன்." அவ்வளவுதான், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் காட்டின மரியாதை அத்தனையும் ஊமைத்தனமாகப் போய்விட்டது, அண்ணாச்சி.

கூப்பிட்டார்கள், போனேன். உங்கள் மாப்பிள்ளை கட்சி விண்ணப்பத்தை நீட்டி, விரலால் தொட்டு, "இங்கன போடு" என்றார். நான் பேனாவை வாங்கவில்லை. "ஜெயிச்சா நாற்காலியில யாரு உக்காருவா?" என்று கேட்டேன்.

"அதை நான் பாத்துக்கிடுவேன்லா."

"அப்போ உங்க படத்தையே சுவத்துல ஒட்டுங்க. நான் உங்களுக்குச் சேலை கட்டி விடுதேன்."

ஜெபகனி குடித்த காபி மூக்கு வழியாக வந்தது. உங்கள் மாப்பிள்ளை முகம் மிளகாய்ப் பழமாகி, "ஏளா, உள்ள போ" என்றார். "போறேன். ஆனா தலைவர் அறையில நான்தான் இருப்பேன். நீங்க மத்தவங்க மாதிரி வரிசையில நின்னு மனுக் குடுக்கணும். சம்மதம்னா சொல்லுங்க, இப்பவே போடுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்படிக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். குடித்த பிறகுதான் பார்த்தேன், குடத்தில் இருந்த கடைசித் தண்ணீர் அது.

குழாய் வராததில் ஒரு நன்மை உண்டு. விடிந்தால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் படித்துறையில்தான். மறுநாள் துணியை அலசிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோமதி கல்லில் துணியை அடித்த அடியில் அது யாருடைய சட்டை என்று கேட்காமலே தெரிந்தது. என் பேரை அடித்துவிட்டு, அன்று மத்தியானம் கோமதியிடம் விண்ணப்பத்தைக் கொண்டுபோனார்கள். அவளும் நாற்காலியில் யார் உட்காருவது என்று கேட்டாள். எஸ்தரிடம் போனார்கள். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் சத்தமாக வாசித்து வரிக்கு வரி அர்த்தம் கேட்டாள். கட்சிக்காரர்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். பேசாத பெண்டாட்டி அன்றைக்கு ஊரில் ஒருத்தருக்கும் இல்லை.

எங்கள் கூட்டமும் அடுத்த நாள் நடந்தது, இடுப்பளவு தண்ணீரில். பீடி சுற்றும் இசக்கியம்மாதான், "அவங்க என்னத்துக்குத் தேடணும்? யாரு வேணும்னு நாம சொல்லுவோம்" என்றாள். கோமதி, "எனக்குக் கோவம் வந்தா அழுகையும் கூட வந்திரும். அதிகாரி முன்னால அழுதுக்கிட்டு நிக்க முடியாது" என்றாள். எஸ்தர், "நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், ஒரு கூட்டமும் முடியாது" என்றாள். ஒருத்தியும் தன்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. கடைசியில் இசக்கியம்மா என்னைக் கைகாட்டி, "அன்னத்தக்காவுக்குக் கோவம் பைய வரும். வந்தா போகாது. மோட்டாரு ஓடுதவரைக்கும் நமக்கு அந்தக் கோவம் வேணும்" என்றாள். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை, அண்ணாச்சி. கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, ஆற்றில் நின்றதால் முகம் கழுவுகிற மாதிரி கழுவிக்கொண்டேன்.

ஈரச் சேலையோடு நேரே பார்வையாளர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனோம். மாடிப்படி முழுக்கப் பெண்கள். மனுஷர் பல் தேய்க்கிற நுரை வாயோடு கீழே வந்து, "எத்தனை பேரும்மா வந்திருக்கீங்க?" என்றார். "ஓட்டுப் போடுத அன்னைக்கு எண்ணிப் பாருங்க" என்றாள் எஸ்தர். அங்கேயே என் பேரை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே நான் இப்போது கட்சியின் வேட்பாளர். உங்கள் மாப்பிள்ளை என்னோடு பேசுவதில்லை. காலண்டரைப் பார்த்து "காபி வேணும்" என்கிறார்; நானும் காலண்டருக்குக் கீழேயே வைத்துவிடுகிறேன்.

புத்தி சொல்வதானால் அவருக்கு எழுதுங்கள். எனக்கு வேண்டாம். அப்பா வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுத்தபோது தாங்கள் காட்டின இடத்தில் போட்டேன், வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. அதை இப்போது திருப்பிக் கேட்கவில்லை. இனிமேல் வாசிப்பேன், அவ்வளவுதான். இதற்காகத் தாங்கள் கோபித்தாலும், தீபாவளிச் சீர் வராவிட்டாலும் சரி.

மதினிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நெல்லையப்பரும் காந்திமதியும் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், தங்கை சொல்வதைக் கேட்கிற காதையும் கொடுக்கட்டும். கட்சி வேட்பாளருக்கு ஆதரவாகத் தாங்களும் வந்து நாலு வீடு ஏறி இறங்கினால் எனக்குப் பெருமை.

இப்படிக்கு,
தங்கள் தங்கை,
வை. அன்னத்தாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தார். கூட்டணிப் பேச்சில் நம் ஊரைத் தோழமைக் கட்சிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்களாம். அந்தக் கட்சியில் ஒரு வக்கீலின் மனைவி நிற்கிறாளாம், ரொம்ப அமைதியாம். ஆகையால் மேலே "கட்சி வேட்பாளர்" என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். நாளைக்கு மனுக் கொடுக்கக் கடைசி நாள்; சுயேச்சையாகக் கொடுக்கிறேன். கோமதி முன்மொழிகிறாள். விஷயத்தைச் சொன்னதும் உங்கள் மாப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "கட்சிக் கட்டுப்பாடுளா. உனக்கு எதிரா நான் வீடு வீடா ஓட்டுக் கேக்கணும்." "தாராளமாக் கேளுங்க. இந்த வீட்டுலேர்ந்தே ஆரம்பிங்க, இங்கன ஒரு ஓட்டு இருக்கு" என்றேன். எதிரே நின்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.