தராசை நம்பாத டேப்பு மாஸ்டர்

ஆன்லைன் குழுவின் அட்மின் அவர்களே, நீங்கள் ஒரு கோழை.

இதைவிட மரியாதையாக எழுத எனக்கு வராது. நான் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பத்தொன்பது வருஷமாக டிரைவர்களோடு கத்திப் பழகிய தொண்டை. நீங்கள் ஒரு மனிதரைக் குழுவிலிருந்து தூக்கினீர்கள். நாலே நிமிஷத்தில். ஏன் என்று கேட்ட என்னையும் தூக்கினீர்கள். அது பரவாயில்லை, என்னை எங்கே சேர்த்தாலும் கடைசியில் தூக்கத்தான் செய்வார்கள். ஆனால் டேப்பு மாஸ்டரைத் தூக்கியது அநியாயம். அவர் யார் என்று வாசகர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் பிறகு வருகிறேன்.

மலைநாட்டில் டேப்பு மாஸ்டர் அளக்காத வயிறு கிடையாது. கோயில் ஐயரை அளந்திருக்கிறார். தேவாலயத்து ஃபாதரை அளந்திருக்கிறார். ஹெல்மட் போடவில்லை என்று மடக்கிய போலீஸ்காரர் குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, அவருடைய இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டி, “மாத்தையா, நாற்பத்திநாலு. கவனமாக இருங்கள்” என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் போலீஸ்காரர் சீட்டைக் கிழித்துப் போட்டார். அடுத்த மாதம் சீருடை தைக்கவும் வந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். அந்த அம்மாவும் “மாஸ்டரு” என்றுதான் கூப்பிடுகிறார். கழுத்தில் டேப்பு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

தையல் கடை ஹட்டன் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. ஒரு காலத்தில் மாஸ்டர் நூற்று நாற்பது கிலோ. தையல் மெஷினுக்கும் அவருக்கும் நடுவில் அவருடைய வயிறு தனி ஆளாக உட்கார்ந்திருக்கும். கையை நீட்டி, எட்டிப் பிடித்துத்தான் தைப்பார். நடந்தால் மூச்சு வாங்கியது, முழங்கால் பிடித்தது. கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டி வாழைப்பழ அளவுக்குச் சின்னதாக்கி அனுப்பினார்கள். எனக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே வாரம், பக்கத்துக் கட்டில். அப்படித்தான் பழக்கம்.

மறுநாள் டாக்டர் பார்க்க வந்தார். மாஸ்டர் சட்டையைத் தூக்கினார். வயிற்றில் பொத்தான் துளை மாதிரி ஐந்து சின்ன வெட்டுகள்.

“டாக்டர், அஞ்சு காஜா எடுத்திருக்கீங்க. ஒண்ணுகூட நேரா இல்லியே!”

டாக்டர் சிரித்தார். மாஸ்டர் விடவில்லை.

“சரி, அது வெளிய. உள்ளுக்குள்ள என்னா தையலு? கைத்தையலா, மெஷினா?”

“உள்ளே தையல் இல்லை ஐயா. ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கருவி. அதால்தான் மூடியிருக்கிறோம்.”

மாஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது.

“ஸ்டேப்ளரா? டாக்டர், நாங்க கிழிஞ்ச துணிக்குக்கூட ஸ்டேப்ளர் அடிக்க மாட்டோம். மனுஷன் வயித்துக்கு அடிச்சிருக்கீங்களே!”

பக்கத்துக் கட்டிலில் நான் சிரித்த சிரிப்பில் என்னுடைய ஐந்து காஜாவும் வலித்தன.

ஆறு மாதத்தில் மாஸ்டர் பாதியானார். ஊர் அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் ஒருவர் மெலிந்தால் பெரிய வியாதி என்றுதான் அர்த்தம். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து சனம் தோடம்பழத்தோடும் மோல்ட் சத்துமா டின்னோடும் வந்தது. ஒரு அம்மா மாடிப்படி ஏறும்போதே அழ ஆரம்பித்துவிட்டார். மாஸ்டர் இறங்கிப் போய் அவரைக் கட்டிப் பிடித்துத் தேற்றினார். தேற்றிக்கொண்டே அளந்தும் விட்டார்.

“அழாதீங்க அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்களுக்குத்தான் மார்ச்சட்டை ரெண்டு இஞ்ச் இறுக்கம்.”

கல்யாண வீட்டுக்குப் போனால் சட்டைப் பையில் ஒரு முட்டைக் கிண்ணம் கொண்டுபோவார். இலையில் சோறு போட வருகிறவரிடம் அதை நீட்டுவார்.

“இதுல போடுங்க.”

“என்னாங்க மாஸ்டர், வெளையாட்டா? பொண்ணு வூட்டுக்காரங்களை அவமானப்படுத்தவா வந்தீங்க?”

“தம்பி, என் வயித்தோட அளவு இதுதான். நீ அண்டாவோட வந்தாலும் நான் கிண்ணத்தோடதான் நிப்பேன்.”

பெண்ணின் அப்பா ஓடிவந்து, “என்ன கொறை மாஸ்டர், யாரு என்னா சொன்னா?” என்று கையைப் பிடிப்பார். மாஸ்டர் பந்தியில் எழுந்து நின்று சட்டையைத் தூக்கி ஐந்து காஜாவையும் காட்டுவார். சோறு போடுகிறவர் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பிறகு மாஸ்டர் நிம்மதியாக உட்கார்ந்து இருபது நிமிஷம் மென்று சாப்பிடுவார்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் கூட்டம் கொழும்பில். போய்வர ஒரு முழு நாள் போய்விடும். அதனால் ஆன்லைன் குழுவில் சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். சேர்ந்தோம். ஆரம்பத்தில் அது உதவியது, அதை மறைக்க மாட்டேன். சூப்பு எப்போது குடிக்கலாம், முடி ஏன் கொட்டுகிறது, மாத்திரையை உடைத்துப் போடலாமா என்று கேட்டால் யாராவது பதில் போடுவார்கள். மழையும் மண்சரிவுமாகப் பாதை அடைத்துக் கிடக்கும் நாளில் உடப்புசல்லாவையில் இருக்கிறவருக்கு அது பெரிய விஷயம்தான்.

ஆனால் அந்தக் குழுவில் யாரும் சறுக்குவதில்லை. காலை ஐந்து மணிக்கு அட்மின் ஒரு சூரியன் படம் போடுவார். “வெற்றி வீரர்களே, எழுக!” பிறகு எல்லோரும் தங்கள் மெலிந்த படத்தைப் போடுவார்கள். பூங்கொத்து, கைதட்டல், இதயம். எடை கூடிவிட்டது என்று யாராவது எழுதினால், “எதிர்மறைப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.”

முதல் வீடியோக் கூட்டத்திலேயே மாஸ்டர் போன் திரையில் டேப்பை வைத்து அளந்தார்.

“எல்லாரும் ஒண்ணேகால் இஞ்ச்தான் இருக்கீங்க. இதுல யாரு மெலிஞ்சா, யாரு ஏறினான்னு நான் எப்புடிக் கண்டுபுடிக்கிறது?”

அவருடைய மைக்கை அட்மின் அணைத்துவிட்டார்.

மாஸ்டர் அலட்டிக்கொள்ளவில்லை. அடுத்த போயா நாளில், பௌர்ணமி விடுமுறையன்று, கடையிலேயே கூட்டத்தை ஆரம்பித்தார். ஆபரேஷன் செய்துகொண்ட மலைநாட்டுக்காரர்கள் நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே உடுப்பைச் சின்னதாக்க அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தோம். ஏன் போயா என்று கேட்டேன்.

“இன்னைக்கு எறைச்சிக் கடை பூட்டு, சாராயக் கடை பூட்டு. பாதிப் பிசாசை அரசாங்கமே கட்டிப் போட்டிருக்கு. மிச்சப் பாதியை நாம பார்த்துக்குவோம்.”

அந்த மிச்சப் பாதி கீழே பேக்கரியில் பாதிக் கதவு திறந்து பணிஸ் சுட்டுக்கொண்டிருந்தது. வயிற்றை வெட்டியவர்கள் கூடுவதற்கு அதைவிட மோசமான இடம் இலங்கையிலேயே இல்லை. “வாசத்துக்கு இஞ்ச் கெடையாது, நல்லா மோந்துக்கிட்டே ஏறி வாங்க” என்பார் மாஸ்டர்.

எட்டுப் பேர் வந்தோம். உடப்புசல்லாவையிலிருந்து செல்வராணி டீச்சர் இரண்டு பஸ் மாறி வருவார். கினிகத்தேனையிலிருந்து பலசரக்குக் கடை சுனில் முதலாளி வருவார். டீச்சர் ஒருநாள் தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். மாஸ்டர் அதை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார்.

“டீச்சர், எங்கம்மா முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தா. நிறுக்கிறவன் சாக்குக்குக் கழிச்சான், ஈரத்துக்குக் கழிச்சான், ஒருநாளாவது தராசு அவ பக்கம் நின்னதில்ல. கிலோன்னா எனக்கு நம்பிக்கையே இல்லிங்க. டேப்பு பொய் சொல்லாது.”

டேப்பு பொய் சொல்லாது என்பதுதான் எனக்குப் பிரச்சினையானது.

நான் முப்பத்தெட்டுக் கிலோ இறங்கியவன். சீனி வியாதி மாத்திரையை டாக்டரே நிறுத்தினார். என் அப்பாவுக்குச் சீனி வியாதியில் ஒரு கால் போனது. அதனால் அந்த மாத்திரையை நிறுத்திய நாளில் நான் பஸ் ஸ்டாண்டில் யாரையும் திட்டவில்லை. டிரைவர்கள் பயந்துபோனார்கள்.

இரண்டாம் வருஷம் சறுக்கினேன். வயிறு சின்னதுதான். ஆனால் டின்பால் தேத்தண்ணியும் பாதிப் பணிஸுமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நிரப்பினால் எந்த வயிறும் தோற்கும். பதினொரு கிலோ ஏறியது. இரத்தப் பரிசோதனையில் சீனி திரும்பி வந்திருந்தது. வீட்டில் சொல்லவில்லை. கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினேன். போயாக் கூட்டத்துக்கும் போகவில்லை. “எனக்கு ஆன்லைனே போதும்” என்று சொல்லிவிட்டு, குழுவில் பழைய படத்தையே புதிதென்று போட்டேன். பூங்கொத்து, கைதட்டல், இதயம். அட்மின் தனியாக எழுதினார்: “நீங்கள்தான் எங்கள் முன்மாதிரி.” அதைப் படித்துக்கொண்டே ஒரு பணிஸ் சாப்பிட்டேன்.

காற்சட்டை ஏற மறுத்தது. மனைவியிடம் கொடுத்து, “மாஸ்டர்கிட்ட ரெண்டு இஞ்ச் பிரிச்சுத் தரச் சொல்லு. என் தம்பியோடதுன்னு சொல்லு” என்றேன்.

மறுநாள் மத்தியானம், நுவரெலியா பஸ்ஸுக்கும் கினிகத்தேனை பஸ்ஸுக்கும் யார் முதலில் போவது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் இரண்டுக்கும் நடுவே பொட்டலத்தோடு வந்து நின்றார்.

“தம்பி, ஒன் தம்பி கால்சட்டையைப் பிரிச்சுட்டேன்.”

“எனக்கேது மாஸ்டர் தம்பி?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது.

“அதான் எனக்கும் தெரியுமே.”

இரண்டு டிரைவர்களும் சண்டையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

“இதுல பிரிக்கத் துணி ஏது? சின்னதாக்குறப்ப வெட்டிப் போடலியா?”

“யாருக்கும் வெட்டினதில்ல. மடிச்சு உள்ளதான் விட்டிருக்கேன். எறங்குனவன் ஏறவும் செய்வான்டா. அப்ப எங்க போவான்? என்கிட்டதான வரணும்.” டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். “போயாவுக்கு வா. ஒன்னை மட்டும் டேப்பைத் திருப்பிப் புடிச்சு அளக்கிறேன். நம்பரு ஒன்னோட முதுகுக்கு மட்டுந்தான் தெரியும்.”

போனேன். திருப்பிப் பிடித்துத்தான் அளந்தார். நம்பரை நானே சொன்னேன். சீனி திரும்பியதையும் சொன்னேன். பிறகு செல்வராணி டீச்சர் சொன்னார், “என் அலமாரியில பரீட்சைப் பேப்பருக்குப் பின்னால டின்பால் இருக்கு.” சுனில் முதலாளி, “மமத் எஹெமய், நானும் அப்புடித்தான்” என்று தன் கடை முறுக்குப் போத்தலைப் பற்றிச் சொன்னார். மாஸ்டர் தன் வயிற்றைத் தானே அளந்து, “எனக்கே ஒண்ணரை இஞ்ச் ஏத்தம்” என்றார். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சத்தம் கேட்டுப் பேக்கரிக்காரர் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன். அந்த வாரமே கிளினிக்குக்குப் போனேன். என்னுடைய இரண்டு காலும் இன்று என்னிடம்தான் இருக்கின்றன.

இப்போது உங்களிடம் வருகிறேன், அட்மின் அவர்களே.

நீங்கள் குழுவில் ஒரு படத்தைப் போட்டீர்கள். ஒரு பெரிய காற்சட்டையின் ஒரே காலுக்குள் நின்றுகொண்டு, இடுப்பை ஒரு கையால் இழுத்துப் பிடித்துச் சிரித்தீர்கள். “ஆறு வருஷம் நான் உடுத்திய காற்சட்டை” என்று எழுதினீர்கள். மாஸ்டர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் குழுவில் பேசி அனுப்பினார். அதை நீங்கள் அழித்துவிட்டீர்கள். எனக்கு மனப்பாடம், இங்கே தருகிறேன்:

“அட்மின் ஐயா, கோவிச்சுக்காதீங்க. இது புதுக் கால்சட்டைங்க. நம்மள மாதிரி குண்டனுக்குத் தொடை ரெண்டும் ஒரசுற எடந்தான் மொதல்ல தேயும். ஒட்டுப் போடாம ஒரு வருஷம்கூடத் தாங்காது. இதுல நூல்கூட நைஞ்சு போகல. ஒங்க சட்டையிலயும் மூணாவது பொத்தான் இழுக்குது. ஏறிட்டீங்கன்னா பரவால்லீங்க, நானும் ஏறியிருக்கேன். ஹட்டனுக்கு வாங்க, பேசுவோம்.”

நாலு நிமிஷம். “எதிர்மறைக் கருத்து.” ஆள் காலி.

நான் கொதித்துப்போய்க் கடைக்கு ஓடினேன். “அந்தாளைப் பத்தி நான் பத்திரிகையில எழுதப் போறேன் மாஸ்டர்!” என்று கத்தினேன். மாஸ்டர் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

“கத்தாதடா. பாவம் அந்த மனுஷன். அத்தனை பேரு கைதட்டுறப்ப அவரு யார்கிட்ட போய்ச் சொல்லுவாரு? ஒனக்காவது பொய்த் தம்பி ஒருத்தன் இருந்தான். அவருக்கு அதுவும் இல்ல.”

“இப்ப என்னா வெட்டுறீங்க?”

“அவருக்குத்தான் ஒரு கால்சட்டை. தோளைப் பார்த்தா இடுப்பு நாப்பத்திரெண்டு வரும். உள்ள மூணு இஞ்ச் மடிச்சு வுடுறேன். ஏறினாலும் ஆச்சு, எறங்கினாலும் ஆச்சு.”

தன்னைத் தூக்கி எறிந்த ஆளுக்கு, கண்ணால் பார்த்த அளவில், சாம்பல் நிறத்தில் நல்ல துணி. தைத்து முடித்துக் கொக்கியில் மாட்டி, “அட்மின்” என்று ஒரு துண்டுக் காகிதமும் குத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொரு போயாவுக்கும் அதன் தூசியைத் தட்டிவிட்டுத்தான் எங்களை அளக்க ஆரம்பிக்கிறார். நாலு போயா ஆகிவிட்டது. எங்களுக்கு உட்கார எட்டு நாற்காலி போதும். அவர் ஒன்பது போடுகிறார்.

கோழை என்று எழுதினேன், அதை வாபஸ் வாங்க மாட்டேன். நானும் அதே கோழைதான், எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்தார். உங்கள் விலாசம் எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பத்திரிகையில் கேட்கிறேன். அடுத்த போயாவுக்கு வருகிறீர்களா, இல்லையா? சூரியன் படம் வேண்டாம். உங்கள் சொந்தப் பெயரைப் போட்டு, இதே பக்கத்தில், எல்லோரும் பார்க்கப் பதில் எழுதுங்கள். மாஸ்டர் அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டு உங்கள் பெயரைக் குத்த வேண்டும்.