ஜப்பானில் நான் எந்தக் கிராமத்தையும் கொளுத்தவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் நான் எந்தக் கிராமத்தையும் கொளுத்தவில்லை. கொளுத்த முயற்சி செய்யவும் இல்லை. ஜொகூரில் என் மனைவி வழிச் சொந்தக்காரர்கள் யாரையாவது நீங்கள் சந்தித்து, அவர்கள் வேறு மாதிரி ஏதாவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். சொல்கிறவர் என் மாமனாராக இருந்தால் கொஞ்சமும் நம்பாதீர்கள்.

மாமா அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு இங்கே மலேசியாவுக்கு வந்தவர். என் தாத்தா பாலோ பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்ட வந்தவர். இந்த வித்தியாசத்தை மாமா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நேருக்கு நேர் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நான் எதையாவது சொதப்பினால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "பரவாயில்லைத் தம்பி" என்பார். அவ்வளவுதான். ஒருமுறை அவரை ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போகும்போது சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்க மறந்துபோனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்து, சாப்பாடும் முடிந்து, பந்தி மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் "பரவாயில்லைத் தம்பி"தான். அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

அதனால் மாமாவுக்கும் மாமிக்கும் ஜப்பானில் பனி பார்க்க ஆசை என்று என் மனைவி தர்ஷினி சொன்னதும், முழுப் பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். விமானம், ரயில், பேருந்து, தங்குமிடம் எல்லாம் என் தலையில். இந்த ஒரு பயணத்தை ஒழுங்காக நடத்திக் காட்டிவிட்டால், இவனும் பொறுப்பான ஆள்தான் என்று அவர் ஒப்புக்கொள்வார் என்று நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். (தங்கக் காசா கேட்டேன்?)

போன இடம் ஒரு மலைக்கிராமம். பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் அங்கே போய் என் பெயரைச் சொல்லித் தொலைப்பீர்கள். சுற்றிலும் மலை, இடுப்பளவு பனி, நடுவே புல் வேய்ந்த பெரிய பெரிய வீடுகள். இரண்டு கைகளையும் கூப்பினாற்போல் செங்குத்தான கூரைகள். மாமி பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படி ஒரு வீட்டிலேயே தங்குவதற்கு நான் ஏற்பாடு செய்திருந்தேன். மாமா கூரையை அண்ணாந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். 'பரவாயில்லை'யிலிருந்து 'நல்லாத்தான்' வரைக்கும் நான் வந்துவிட்டேன். அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், கறாரான மனிதர். வாசலிலேயே எங்களை நிறுத்தி, கைபேசியில் மொழிபெயர்ப்பை வைத்து விளக்கினார். கூரை முழுவதும் காய்ந்த புல். ஒரு பொறி பட்டால் போதும், ஒரு வீடு போகாது, ஊரே போய்விடும். அதனால் அறைக்குள் நெருப்பு கூடவே கூடாது. சிகரெட் லைட்டர் இருந்தால் கொடுத்துவிட வேண்டும். உங்களில் யார் பொறுப்பு?

நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். காரணம் உண்டு. சிங்கப்பூரில் என் வேலையே கட்டடங்களில் தீ எச்சரிக்கைக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதிப்பது. தினமும் விடியற்காலையில் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிப் போய் அதைத்தான் செய்கிறேன். நெருப்பு விஷயத்தில் எனக்கா பாடம்? அந்த வீட்டு விட்டத்தில் எங்கெங்கே கருவி இருக்கிறது என்று மாமாவுக்குக் கைநீட்டிக் காட்டினேன். எதைச் செய்தால் அலறும் என்பதையும் விளக்கினேன். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டார் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இனிமேல் நான் சொல்லப்போவதை நீங்களே நியாயமாக யோசித்துப் பாருங்கள். ஒரு பொறி பட்டால் ஊரே போய்விடும் என்கிறார்கள். ஆனால் வீட்டு நடுக்கூடத்தில் தரையில் சதுரமாகக் குழி வெட்டி, அதில் கரி நெருப்பைக் கனகனவென்று எரிய விட்டிருக்கிறார்கள்! மேலே கொக்கியில் ஒரு இரும்புக் கெட்டில் தொங்குகிறது. நாள் முழுக்க எரிகிறது. அது பரம்பரை வழக்கமாம். அப்படியென்றால் எங்கள் மாமாவின் வெள்ளிக்கிழமை வழக்கத்துக்கு என்ன பரம்பரை, நேற்று முளைத்ததா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாததுமாக எனக்குத் தூக்கம் கலைந்தது. மூக்கில் சாம்பிராணி வாசனை. முதலில், ஜொகூர் பாருவில் மாமா வீட்டில்தான் படுத்திருக்கிறேன் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். அப்புறம் கண் விழித்தால் காகிதக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு வெளிச்சம் ஆடுகிறது.

அலமாக்!

கதவைத் தள்ளினேன். மாமா குளித்து, வேட்டி கட்டி, வேட்டிக்குள்ளே கம்பளிக் காற்சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். எதிரே சின்ன முருகன் படம். கையில் சாம்பிராணி போடும் பித்தளைத் தூபக்கால். (அது எப்படி ஜப்பானுக்கு வந்தது என்று கேட்காதீர்கள். மாமியின் முறுக்கு டின்னுக்குள் வந்தது. சூடமும்தான்.) தூபக்காலில் நடுக்கூடத்து அடுப்பிலிருந்து அள்ளிய கரித்துண்டுகள் சிவந்து கிடந்தன. புகை வெண்மையாக எழுந்து மேலே போய்க்கொண்டிருந்தது. கரியின் மேலேயே வைத்த சூடம் ஒரு சாண் உயரத்துக்கு எரிந்தது.

"மாமா! நேத்துதானே சொன்னேன், நெருப்பு கூடாதுன்னு!"

"தம்பி, அது சுருட்டுப் பத்துற ஆக்களுக்குச் சொன்னது. சாமிக்கில்லை." மணியை ஆட்டிக்கொண்டே சொன்னார். "எங்கட அப்பார்ட்மெண்டில கரியைக் கண்ணால காணேலாது. இஞ்ச பாரும், எவ்வளவு நல்ல கரி! இதில சாம்பிராணி போடாமல் இருக்கலாமோ?"

விட்டத்தில் இருந்த கருவி அலற ஆரம்பித்தது. என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், மிகவும் தரமான கருவி. மாமா திடுக்கிட்டுத் தூபக்காலை என் கையில் திணித்தார். அதோடு அவருடைய பங்கு முடிந்துவிட்டது என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூளை உள்ள எவனும் என்ன செய்வான்? ஊதி அணைப்பான். நான் வாயைக் குவித்தேன். உடனே மாமி போர்வைக்குள்ளிருந்து கத்தினார்.

"ஐயோ தம்பி, வாயால ஊதாதேங்கோ! அது சாமி நெருப்பு! எச்சில் படக் கூடாது!"

குவித்த வாயை மூடிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து எனக்கும் சொல்லிக் கொடுத்ததுதானே. வீடே எரிந்தாலும் சூடத்தை வாயால் ஊதி அணைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றலாமென்றால் அதுவும் அபசகுனம் என்று மாமி அழுதிருப்பார். நெருப்புக்கென்றே படித்து, நெருப்புக்கென்றே சம்பளம் வாங்கும் நான், ஒரு விரலளவுச் சூடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"சேகர், வெளிய கொண்டு போங்க! சீக்கிரம் லா!" என்று தர்ஷினி என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

ஓடினேன். கைலியும் பனியனுமாக, கையில் எரியும் தூபக்காலோடு, காய்ந்த புல் கூரைக்குக் கீழே, காகிதக் கதவுகளுக்கு நடுவே ஓடினேன். கரியை மறுபடியும் அந்த அடுப்பிலேயே கொட்டிவிடலாம் என்பதுதான் என் திட்டம். நல்ல திட்டம். ஆனால் சமையலறைப் பக்கமிருந்து வீட்டுக்காரர் குறுக்கே வந்துவிட்டார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் புரிகிறது. தலை கலைந்த ஒருவன் பாவாடை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு, தீப்பந்தத்தோடு அவரை நோக்கி ஓடி வருகிறான். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் கத்தினார். நான் வளைந்து வாசல் பக்கம் பாய்ந்தேன்.

வெளியே பனி. செருப்பில்லாத கால் முட்டி வரைக்கும் புதைந்தது. அங்கே வந்ததும் காற்றுப் பட்டுச் சூடம் இன்னும் உற்சாகமாக எரிந்தது. வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து எதையோ உரக்கக் கூவினார். அந்தக் கிராமத்தில் தீ என்று ஒருவர் கூவினால் ஊரே ஓடி வரும். வந்தார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷோடு வந்தார். வீட்டுக்கு வீடு மரப்பெட்டிக்குள் தண்ணீர்க் குழாய் தயாராக வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்தார், குழாயை எடுத்தார், என்னைக் குறி பார்த்தார்.

சூடம் அதற்குள் தானாகவே அணைந்துவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தானாகவே, முறைப்படி, யாரும் ஊதாமல் அணைந்துவிட்டது. "ஓகே! ஓகே!" என்று நான் தூபக்காலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். கரி பனியில் விழுந்து புஸ்ஸென்று புகைந்தது. புகையைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டார்.

உறைபனியில் குழாய்த் தண்ணீர் வயிற்றில் அடித்தால் எப்படி இருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. கைலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்றினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் விசாரணை. என் மேல் ஒரு போர்வையைப் போர்த்தி நடுக்கூடத்து அடுப்புக்கு அருகில் உட்கார வைத்தார்கள். (அந்த அடுப்பு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது! யாராவது அதைக் கேட்டார்களா?) வீட்டுக்காரர் கைபேசியை நீட்டினார். அது அழகான பெண் குரலில் ஆங்கிலத்தில் கேட்டது: அறையில் நெருப்பு மூட்டியது யார்?

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா விட்டத்தைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு மேலதிகாரியிடம்கூடத் திட்டு வாங்காத மனிதர். விபூதி பூசிய நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அதோடு, இப்போது பழியை ஏற்றுக்கொண்டால் இந்த மனிதர் ஆயுளுக்கும் என்னை மறக்க மாட்டார் என்று ஒரு கணக்கும் மனதில் ஓடியது.

"நான்தான்" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். கண் கலங்கியது. ஏதோ சொல்லப்போகிறார் என்று நானும் உருகிப்போய்க் காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார், எழுந்தார், வீட்டுக்காரருக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தார்.

"ஐ ஆம் வெரி சாரி, சார். மை சன்-இன்-லா இஸ் அ குட் பாய். ஒன்லி, நோ காமன் சென்ஸ்."

நிமிர்ந்து என்னிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "இப்பிடிச் செய்யலாமோ தம்பி?" என்றும் ஒரு கேள்வி.

எனக்குப் பல் கிட்டித்துப்போயிருந்தது, குளிரில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

அன்று பகல் முழுவதும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டோம். ஊரைப் பதற வைத்தால் அப்படிச் செய்வதுதான் முறை என்று வீட்டுக்காரர் சொன்னார். என்னோடு பெரியவர் என்ற முறையில் மாமாவும் வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நான் குனிந்தேன், அவர் என் முதுகில் கை வைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மாமாவின் வெள்ளை மீசையையும் நெற்றி விபூதியையும் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் அவருக்கு உடனே மரியாதை கொடுத்துவிட்டார்கள். தேநீர் கொடுத்தார்கள், ஊறுகாய் கொடுத்தார்கள், மெத்தை போட்டு உட்கார வைத்தார்கள். நான் குனிந்தபடியே வாசலில் நின்றேன். கடைசி வீட்டில் அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் உண்மை வெளியே வரும் என்று நினைத்தேன். மாமி வாயைத் திறக்கவில்லை. தர்ஷினி, "விடுங்க, அப்பா பாவம்" என்றுவிட்டாள். அப்பா பாவமா? அப்பா ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார். முதலில் புகை மட்டும்தான் வந்தது. தீபாவளிக்குள் ஒரு கூரை கருகியது. பொங்கலுக்கு மூன்று கூரை. இப்போது ஹெலிகாப்டர் வந்துவிட்டது. கதை கடைசியில் சிங்கப்பூரில் என் கம்பெனி வரைக்கும் போய், பரிசோதனைக்குப் புகை தேவைப்பட்டால் "கால் சேகர்" என்கிறார்கள்.

போன மாதம் கெலாங் பாத்தாவில் நாங்கள் வாங்கிய புது வீட்டுக்குக் குடி போனோம். ஹோமம் முடிந்து ஐயர், "வீட்டுக்காரர் வந்து சூடம் ஏத்துங்க" என்று தீப்பெட்டியை நீட்டினார். நான் கையை நீட்டினேன். பின்னால் கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமா நடுவில் புகுந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"ஐயா, இவரிட்ட நெருப்பைக் குடுக்காதேங்கோ. இவர் என்ர மருமகன். நல்ல பொறுப்பான பிள்ளை. ஆனா ஜப்பான்ல என்ன செய்தவர் தெரியுமோ?"

யாரோ என் கையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னார்கள். என் சொந்த வீட்டில், நான் பார்த்துப் பார்த்து வாங்கிய வீட்டில்! வாயைத் திறந்தேன். கொளுத்தியது யார் என்று அத்தனை பேருக்கு முன்னாலும் போட்டு உடைத்துவிடுவதற்காகவே திறந்தேன். அப்போது மாமா ஒரு கையில் சூடத்தட்டை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை என் தோளில் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. கதையில் ஹெலிகாப்டர் வந்து இறங்கும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

வாயை மூடிக்கொண்டேன். வாளி சரியான கனம்.