பதிவில் சுட்ட தோசை

என் வலைப்பூவுக்கு இந்த மாதம் பத்து வயது. கொண்டாட வேண்டியவன், கொன்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீரமான முடிவுதான். வீட்டில் யாரும் இல்லாதபோது எடுத்தது.

விருதுநகரிலிருந்து கடல் தாண்டிக் கேமரன் மலைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்க வந்தவன் நான். வந்த இடத்தில் எஸ்டேட் கிராணியின், அதாவது குமாஸ்தாவின், மகள், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடும் யுவனேஸ்வரியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். வெளிநாட்டுக்குப் போன தமிழன் எழுதாமல் இருப்பானா? ‘குளிர்தேசத்துக் குடித்தனம்’ என்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். ஆரம்பத்தில் மேகம், பனி, தேயிலைச் சரிவு என்று நல்லபிள்ளையாகத்தான் எழுதினேன். வாசகர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் நான். ஒன்று கணினியில், இன்னொன்று கைப்பேசியில்.

ஒருநாள் ஈஸ்வரிக்குக் காய்ச்சல். ஒரு டம்ளர் தேநீர் போட்டுக் கொடுத்தேன். உடனே ‘வெளிநாட்டில் கணவன்’ என்று ஒரு பதிவு. போட்டது ஒரு டம்ளர்; எழுதியது நாலு பக்கம். மறுநாள் பார்த்தால் தமிழ்நாட்டுப் பெண்கள் படையெடுத்து வந்திருந்தார்கள். ‘அண்ணா, நீங்க தெய்வம்!’ ‘எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, சோபாவுல!’

தெய்வத்துக்குப் படையல் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரமே சாம்பார் வைத்தேன், பதிவில். அடுத்த மாதம் துணி துவைத்தேன், அதுவும் பதிவில். போகப் போக விடியற்காலைப் பனியில் எழுந்து மாவாட்டும் அளவுக்கு முன்னேறினேன். ‘என் மனைவியை நான் அடுப்படிப் பக்கமே விடுவதில்லை’ என்று எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. நிஜத்தில் எங்கள் வீட்டு உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஈஸ்வரிக்குக் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெர்ரிக் கடை. இதையெல்லாம் படிக்க அவளுக்கு ஏது நேரம் என்பதுதான் என் தைரியம். ஆனால் பத்து வருஷப் புளுகையும் உட்கார்ந்து திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. இது அவள் கண்ணில் பட்டால் என் கதி? அதனால்தான் அந்த முடிவு. சனிக்கிழமை சாயங்காலம் அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன். வாசலில் கார் வந்து நின்றது.

“ஏங்க! கடைக்கி இன்னிக்கி ஊர்க்காரவங்க ரெண்டு பேரு வந்தாங்க லா. புருஷன் பொஞ்சாதி. மதுரையாம்.”

“சரி.”

“அந்தம்மா என்னையே பாத்துச்சி. ‘நீங்க குளிர்தேசத்து அக்காதானே, போட்டோல பாத்திருக்கேன்’னு கையப் புடிச்சிக்கிச்சி. ‘குடுத்து வெச்சவங்க நீங்க’ன்னு ஒரே அழுக.”

எனக்கும் அழுகை வந்தது. வேறு காரணத்துக்காக.

“நீ என்ன சொன்ன?”

“நாளைக்கிப் பசியாற வீட்டுக்கு வாங்கன்னு சொல்லிட்டேன். அவரு கையால தோச சாப்புடணுமாம்.”

“எவரு கையால?”

“உங்க கையாலதான் லா. வேற எவரு?”

அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. எவ்வளவு தெரியும் இவளுக்கு? கேட்டால் மாட்டிக்கொள்வேன். கேட்காமல் சரணடைந்தேன்.

“ஈஸ்வரி, ஏதோ ஒண்ணு ரெண்டு கூட்டி எழுதிட்டேன். நாளைக்கு மட்டும் என் மானத்தக் காப்பாத்து. நீ சுடு. நான் கரண்டியப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கிறேன்.”

“அதுக்கென்னா, செஞ்சிட்டாப் போச்சி” என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை. நான் அப்போதே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

காலையில் வந்தார்கள். அந்தப் பெண் சீதா, என்னைக் கண்டதும் கைகூப்பினாள். கணவர் சுகுமாரன் கைகூப்பவில்லை. அவர் பார்வையில் பல வருஷமாகத் தேய்த்த பாத்திரங்கள் தெரிந்தன.

“உக்காருங்க” என்ற ஈஸ்வரி, தானும் உட்கார்ந்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் கண்ஜாடை காட்டினேன். இருமினேன். அசையவில்லை.

“இவரு என்னைய அடுப்படிப் பக்கமே விட மாட்டாருங்க” என்றாள் சீதாவிடம்.

“தெரியுமேக்கா! அந்தப் பதிவ இவருக்கு நானே படிச்சுக் காட்டுனேன்.”

“ஏங்க, மொதல்ல தேத்தண்ணி கொண்டாங்க லா. இஞ்சி தட்டிப் போட்டு, ஏலக்கா ரெண்டு... மழ பேஞ்ச அன்னிக்கி எழுதுனீங்களே, அந்த மாதிரி.”

படித்துவிட்டாள். ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள்!

அடுப்படிக்குள் போனேன். மாவு இருந்தது. கல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. முதல் தோசை கல்லோடு ஒன்றாகிவிட்டது. இரண்டாவதை எடுக்க உளி தேடினேன். புகை கூடத்துக்குப் போயிற்று. புகையைப் பிடித்துக்கொண்டு சுகுமாரன் உள்ளே வந்தார். கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“சார், உங்களுக்குத் தோசை சுடத் தெரியாதா?”

“இந்த ஊர்க் குளிருக்கு மாவு...”

“மாவு மேல பழியப் போடாதீங்க. எண்ணெய் எங்க?”

“தெரியாது.”

“உப்பு?”

“அது சுத்தமாத் தெரியாது.”

மனிதர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “பாங்க்ல நான் மேனேஜர் சார். என் கையெழுத்துக்கு அம்பது பேர் நிப்பாங்க. ‘கேமரன்காரரப் பாருங்க, கேமரன்காரரப் பாருங்க’ன்னு சொல்லிச் சொல்லி, இன்னிக்கு மொட்டை மாடியில வடகம் பிழியறேன். எல்லாம் உங்களால! சீதா, இங்க கொஞ்சம் வ...”

வாயைப் பொத்தினேன். பிறகு காலைப் பிடித்தேன். என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்றேன். அவர் யோசித்தார்.

“ஒரே ஒரு பதிவு போடணும். ‘மனைவியும் அவ்வப்போது சமைக்கலாம், தப்பில்லை’ன்னு.”

“இன்னிக்கே போடுறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா!”

வெங்காயத்தை வெட்டிக் கல்லில் ஒரு தேய் தேய்த்தார். கல் அவருக்கு அடங்கியது. மெல்லிசாக, வட்டமாக, ஓரம் சிவந்து தோசைகள் விழுந்தன. என் வீட்டு உப்பை அவர்தான் கண்டுபிடித்தார். சட்னியும் அரைத்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போனது மட்டும் நான்.

சீதா ஒரு வாய் சாப்பிட்டாள். கணவரைத் திரும்பிப் பார்த்தாள். “பாத்தீங்களா? இது தோசை! உங்களுக்கு என்னிக்காவது இப்படி வந்திருக்கா?”

சுகுமாரன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

அவர்களை வழியனுப்பிவிட்டுக் கணினிக்கு ஓடினேன். சத்தியம் சத்தியம்தான். ஆனால் வலைப்பூ என்னை உள்ளே விடவில்லை.

“ஈஸ்வரி, கடவுச்சொல் வேலை செய்யலையே?”

“மாத்திட்டேன் லா.”

“உனக்கு எப்படி...?”

“நேத்து கடையில மழ. ஏவாரம் இல்ல. பூராத்தையும் படிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வர காடியவே எடுத்தேன். வந்த கோவத்துக்கு, நீங்க தூங்குனப்பறம் வலைப்பூவத் தெறக்கப் பாத்தேன். கடவுச்சொல்லுக்கு என் பேர அடிச்சேன், தெறந்துக்கிச்சி.” அவள் குரல் கொஞ்சம் இளகியது. “இத்தன வருஷமா என் பேர அடிச்சித்தானே உள்ள போயிருக்கீங்க. அதான் மன்னிச்சேன். இல்லாட்டி அப்பவே அழிச்சிருப்பேன்.”

வலைப்பூவையா, என்னையா என்று நான் கேட்கவில்லை. கடைக்கும் போய், வந்து சமைத்து, காயாத துணியை அடுப்புச் சூட்டில் காயவைத்தவள் அவள். பேர் வாங்கியவன் நான். உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

“இனிமே அதுல பொய் எழுத மாட்டேன், ஈஸ்வரி.”

“தெரியும். இனிமே நான்தானே எழுதப்போறேன்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் விரலால் கெட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் பதிவு போடுகிறாள். ‘திங்கட்கிழமை என் கணவர் துணி துவைப்பார். செவ்வாய் குளியலறை. புதன் சாம்பார்.’ எல்லாம் முன்கூட்டியே. வாசகிகள் மறுநாளே போட்டோ கேட்கிறார்கள். அவர்களுக்குக் கீழே மதுரையிலிருந்து ஒரே ஒரு சொல்லில் ஒரு பின்னூட்டம்: ‘துரோகி.’

ஒரே ஆறுதல், பத்து வருஷத்தில் முதல்முறையாக என் வலைப்பூவில் உண்மை மட்டுமே வருகிறது.