நாலாவது ஸ்டட் பற்றி மாமனாருக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மகளின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். போன வியாழக்கிழமை உங்கள் தம்பி வீட்டில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து என்னைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசும் அளவுக்குத் தெம்பு இருந்ததாக மச்சான் போனில் சொன்னார்.

"நல்ல எஞ்சினு. அந்த மெக்கானிக் கையில குடுத்தேன், உடைச்சுட்டான். உக்கார ஒரு நாற்காலி போட்டான், அதுல என் பேண்ட்டும் போச்சு" என்றீர்களாம். ஆக, என்மேல் இரண்டு குற்றச்சாட்டு. போனில் பதில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

மூன்று வருடமாக நீங்கள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. உங்கள் மகள் டைபாய்டில் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வரவில்லை. அத்தை மட்டும் உங்களுக்குத் தெரியாமல் இரண்டு தடவை வந்துபோனார் (இப்போது தெரிந்துவிட்டது, அத்தை மன்னிக்கவும்). பிறகு உங்கள் ஐம்பது வருடத்துப் பழைய மோட்டார் சைக்கிள் புகை கக்கிக்கொண்டு நின்றது. நாலு பட்டறையில் கைவிரித்தார்கள். அடுத்த வாரமே எஞ்சின் லோடு வண்டியில் ஏறி என் வாசலில் வந்து இறங்கியது. அதைப் பிரித்து, கழுவி, பேரிங் மாற்றி, பூட்டப்போகிறேன் என்று தெரிந்ததும் நீங்களே நேரில் வந்துவிட்டீர்கள். மகளைப் பார்க்க வராத மனிதர் எஞ்சினைப் பார்க்க வந்தீர்கள். கதவைத் திறந்த சொந்த மகளிடம் "மெக்கானிக் இருக்கானா?" என்று கேட்டீர்கள். அவள் "இருக்காருப்பா, உள்ள வாங்க" என்றாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்று லீவு என்று சொல்லியிருப்பேன்.

எங்கள் முன்னறைதான் பட்டறை என்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் பெஞ்சில் உங்கள் எஞ்சினின் துளைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். உங்களைப் பார்த்ததும் பதறி எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு நிதானமாகத்தான் எழுந்தேன். அதிகாரி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் நான் இல்லை. சுத்தமான நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நீங்கள் உங்கள் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் காற்றுகூட மேலே பட்டுவிடக் கூடாது என்பதுபோல் உட்கார்ந்தீர்கள். அந்த வெள்ளைப் பேண்ட்டில் கறை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வந்தீர்கள். பஸ்காரரைக் கேளுங்கள்.

இனி எஞ்சினுக்கு வருகிறேன். சிலிண்டரையும் ஹெட்டையும் பிடித்து வைத்திருப்பவை நாலு ஸ்டட். ஸ்டட் என்றால் தலையில்லாத நீளக் கம்பி, இரண்டு முனையிலும் மரை. அடிமுனை எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் இறங்கும். மேல்முனையில் நட்டு ஏறும். கிராங்க் கேஸ் அலுமினியம், மாமா. உங்களைப்போல அதுவும் பார்க்கத்தான் விறைப்பு. அதனால் ஸ்டட்டைக் கையால் அடிவரை இறக்கி, லேசாக ஒரு பிடி பிடித்தால் போதும். துளைக்கு மறுபக்கம் வழி கிடையாது, கிணறு மாதிரி. அதில் எண்ணெய் நின்றிருந்தால் ஸ்டட் இறங்க இறங்க எண்ணெய்க்குப் போக்கிடம் இருக்காது. எண்ணெய் அமுங்காது. அலுமினியம்தான் பிளக்கும். இதைத் தெரிந்துகொள்ள டிகிரி வேண்டாம், ஒரு தடவை அடி வாங்கியிருந்தால் போதும். நாலாவது துளையில் பழைய ஸ்டட் துருவேறி அசையாமல் நின்றதால் மூன்று நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் கழற்றினேன். ஆகவே நாலு துளையையும் பெட்ரோலால் கழுவி, கம்பியில் துணி சுற்றி அடிவரை துடைத்தேன். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்.

அப்போதுதான் நீங்கள் சட்டைக் கையை மடித்தீர்கள்.

"நாலு ஸ்டட்டையும் நானே போடுறேன். என் வண்டி."

"இது பக்குவம் தெரிஞ்சு போடணும் மாமா."

"முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ் நடத்தினவன்யா நான். நாலு கம்பி திருகத் தெரியாதா?"

எதற்கு இந்த ஆசை என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் பழைய வண்டிக்காரர்களின் ஊர்வலத்தில் "எஞ்சினை நானே பூட்டினேன்" என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் கரியில் புரண்டு செய்ததையெல்லாம் சட்டை மடிப்புக் கலையாதவர்கள்தான் "நான் செய்தேன்" என்று சொல்வார்கள், அது உலக வழக்கம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சமையலறை வாசலில் இருந்து உங்கள் மகள் கண்ணைக் காட்டினாள். அப்பா அரை மணி நேரம் கூட இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதற்கு அர்த்தம். ஸ்டட்டைக் கொடுத்தேன்.

முதல் ஸ்டட்டைத் தலைகீழாக வைத்துத் திருகிவிட்டு "மரை சரியில்ல" என்றீர்கள். மனிதர்களில் மேல் எது கீழ் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற உங்களுக்கு ஸ்டட்டில் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்தேன். மூன்று நல்லபடியாக இறங்கின. நாலாவதை நான் பார்க்காத நேரத்தில் எண்ணெய் டப்பாவில் முக்கினீர்கள். "எண்ணெய் இல்லாம இரும்பு இறங்காது" என்று எனக்குப் பாடம் வேறு. ஸ்பேனருக்குப் பிடி கிடைக்க மேலே இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, ஸ்பேனரைப் போட்டீர்கள். "போதும் மாமா" என்றேன். "இன்னும் போகுது" என்றீர்கள். "கனமா இருக்குல்ல, நிறுத்துங்க" என்றேன். "கனமா இருந்தாத்தானே டைட்டு" என்றீர்கள். டொக் என்று ஒரு சத்தம். கிராங்க் கேஸில் விரல் நீளத்துக்கு விரிசல்.

உங்கள் முகம் வெளுத்துவிட்டது. உங்கள் மகள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். எங்கள் டம்ளரில், எங்கள் குடத்துத் தண்ணீர். மடக் மடக்கென்று குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டீர்கள். இதை நான் இதுவரை வெளியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நீங்களோ, மூச்சு திரும்பியதும் "ஓட்டை எஞ்சினா ஆக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு, இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்று இறங்கிப் போனீர்கள். பாட்டிலை மறந்துவிட்டீர்கள். அது அலமாரியில் இருக்கிறது. உங்கள் மகள் தினமும் அதைக் கழுவித் தண்ணீர் மாற்றி வைக்கிறாள். எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஆகவே, உடைத்தது நான் அல்ல, எண்ணெயில் முக்கிய உங்கள் கை. உங்கள் தம்பி வீட்டில் அதே பத்துப் பேரை உட்கார வைத்து அதைச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை எஞ்சின் இங்கேயே இருக்கும்.

அத்தைக்கு என் அன்பு. மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும். உங்களிடம் ஆசி கேட்கவில்லை. மூட்டுவலிக்கு மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடவும்.

இப்படிக்கு,
மெக்கானிக்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "நிதானமா எழுந்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பா குரல் கேட்டதும் ஸ்டூலைத் தள்ளிவிட்டுட்டு எழுந்தீங்க. மூணு துளைதான் துடைச்சிருந்தீங்க. நாலாவதுக்கு வச்சிருந்த அதே எண்ணெய்த் துணியாலதான் நாற்காலியைத் துடைச்சீங்க, மூணு தடவை" என்றாள். இல்லவே இல்லை என்றேன். அவள் நாற்காலியைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்தாள். இருக்கை முழுக்க எண்ணெய் பளபளக்கிறது.

ஸ்டட்டை முக்கினால் நாலு சொட்டு இறங்கும். அதற்கு அவ்வளவு பிளக்காது. மூன்று நாள் ஊறிய எண்ணெய் அத்தனையும் அடியிலேயே நின்றிருக்கிறது.

கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். "வேணாம், அனுப்புங்க. மூணு வருஷமா வரலைன்னு எழுதினது பொய் இல்லையே" என்றாள்.

விரிசலை வெல்டிங் வைத்து அடைத்து, புதிதாக மரை போட்டாகிவிட்டது. மூன்று ஸ்டட்டையும் பூட்டிவிட்டேன். நாலாவது துளையை உங்கள் கண் முன்னால் துடைக்கிறேன், நீங்களே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். பாட்டில் இங்கேயே இருக்கிறது, வேறு வாங்க வேண்டாம். வெள்ளைப் பேண்ட் மட்டும் போட்டுக்கொண்டு வராதீர்கள். உங்களைப் பார்த்ததும் நான் மறுபடியும் நாற்காலியைத் துடைப்பேன் என்று உங்கள் மகள் சொல்கிறாள்.