மரவள்ளித் தோட்டத்து விளக்கும் என் தூக்கமும்

வத்தேகம,
வியாழக்கிழமை.

கண்ணியத்துக்குரிய ஸெய்னுலாப்தீன் மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தங்கள் முன்னால் வந்து நின்றால் "தேத்தண்ணி ஊத்தவா மாமா?" என்பதற்கு மேல் எனக்கு வாய் திறப்பதில்லை. தாங்களும் ஜெஸீமா மாமியும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. தாங்கள் நன்றாகத் தூங்குவது குறட்டையில் தெரிகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

விஷயம், தங்கள் மரவள்ளித் தோட்டத்து விளக்கு. தாங்கள் வாயால் பெயர் சொல்ல விரும்பாமல் "அந்தச் சாமான்" என்று குறிப்பிடும் ஹராமான காட்டு மிருகம் இரவில் வந்து கிழங்கைக் கிண்டுவதால், தங்கள் ஹாட்வெயார் கடையிலிருந்தே பெரிய எல்ஈடி விளக்கைக் கொண்டுவந்து கம்பத்தில் கட்டினீர்கள். கம்பம் கொஞ்சம் சரிந்ததில் விளக்கு என் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. அன்றிலிருந்து எனக்கு இரவு என்று ஒன்று இல்லை. அந்தச் சாமானுக்கோ பெரிய வசதி. எது நல்ல கிழங்கு, எது பழுது என்று வெளிச்சத்தில் பார்த்துத் தெரிந்தெடுத்துத் தின்கிறது.

நான் தூங்குவதில்லை என்று உம்மா சொன்னதுமே தாங்கள் காரணம் கண்டுபிடித்துவிட்டீர்கள். "இது படிச்ச சூடு. தூக்கம் வந்தா கெம்பஸ் வேலைக்கு போகட்டும், இல்லாட்டி வாணாம்!" வாப்பா கட்டாரில் இருக்க, உம்மாவுக்குக் கூடப்பிறந்த நானாவான தங்கள் சொல்லுக்கு மேல் சொல் ஏது? ஆகவே நம் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவளின் முதல் வேலை, திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் நான் பொறுப்பேற்க வேண்டிய ஆய்வு உதவியாளர் வேலை, இப்போது தங்கள் விளக்குக் கம்பத்தில் தொங்குகிறது. சூடு இறங்க வெந்தயம் குடித்தேன், தலையில் நல்லெண்ணெய் வைத்தேன், ஃபோனை மாமியிடம் ஒப்படைத்தேன். தாங்களும் தினமும் தொழுதபின் எனக்குத் தூக்கம் வர துஆக் கேட்கிறீர்கள். ஜன்னலை மூடினால் சூடு கூடும் என்றீர்கள், அதையும் திறந்துவைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன்.

ஒரு தடவை துணிந்து விளக்கிச் சொல்லப் பார்த்தேன், ஞாபகமா? கண்ணுக்குப் பின்னால், மூளைக்குள், ஒரு மணிக்கூடு இருக்கிறது மாமா. அதில் சில பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள், புரதம் செய்கின்றன. கடையில் சீமெந்து மூட்டை நிறைந்ததும் தாங்கள் புது ஓடரை நிறுத்துவது போல, புரதம் நிறைந்ததும் அதுவே அந்தப் பரம்பரையலகுகளை நிறுத்துகிறது. அது தீர்ந்ததும் வேலை மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். அந்த மணிக்கூட்டைச் சரிபார்ப்பது கண்ணில் படும் வெளிச்சம்...

"மூளைக்குள்ள மணிக்கூடா? அதுக்கு பெட்டரி மாத்த ஏலுமா மகள்?" என்று கேட்டீர்கள்.

"சும்மா இரிங்க, புள்ள வெக்கப்படுது" என்றார் மாமி. புள்ள தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டது.

சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இருட்டினால் நம் உடம்பில் மெலற்றோனின் சுரக்கும், இரவில் வெளிச்சம் பட்டால் அது அடங்கிப்போகும். அது தூக்க மருந்து அல்ல, "இருட்டிவிட்டது" என்று உடம்புக்குப் போகும் சேதி. எல்லாப் பாலூட்டிகளுக்கும் சேதி ஒன்றுதான். அதைக் கேட்டு மனிதன் படுக்கிறான், எலி எழும்பித் தீன் தேடுகிறது. தங்கள் விளக்கு அந்தச் சேதியை எனக்கு வராமல் மறித்துவிட்டது, கிழங்குக்கு வருகிறவரை மட்டும் மறிக்கவில்லை.

மாமிக்கு என் ஸலாம். தங்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகட்டும், விளக்கு வியாபாரம் நீங்கலாக.

இப்படிக்கு,
கண் சிவந்த மருமகள்,
ஷஹ்மா.

பி.கு.: இதைக் கொண்டுவந்து தரத் தைரியம் வராமல் தலையணைக்குக் கீழே வைத்தேன். இரவு மழையில் ட்ரான்ஸ்ஃபோமர் வெடித்து ஊரே இருட்டாகிவிட்டது. இன்று சுபஹுத் தொழுகைக்கு உம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துத்தான் என்னை எழுப்பினார். "நானாட துஆ கபூலாகிட்டு!" என்று அழுகிறார். மேலே எழுதிய விஞ்ஞானம் முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். எல்லாம் தங்கள் துஆதான். கரண்ட் வருவதற்கு முன் ஒருக்கால் இங்கே வந்து, "புள்ள திங்கக்கிழமை வேலைக்கு போகட்டும்" என்று உம்மாவிடம் சொல்லிவிடுங்கள் மாமா.